பெயர் ஒன்று, கதை வேறு: ஒரே தலைப்பில் இத்தனை படங்களும் சீரியல்களும் எப்படி?

ரஜினிகாந்தின் ‘பொல்லாதவன்’ 1980இல் வந்தது, தனுஷின் ‘பொல்லாதவன்’ 2007இல். ‘படிக்காதவன்’ 1985இலும் 2009இலும் வந்தது. ‘தங்க மகன்’ 1983, 2015. ‘மாப்பிள்ளை’ 1989, 2011. நான்கு தலைப்புகள், எட்டுப் படங்கள். அப்போது இருவரும் மாமனார், மருமகன் வேறு. சரி, இந்த நான்கில் ரஜினி படத்தின் கதையையே தனுஷ் மறுபடி நடித்தது எத்தனை? ஒன்றே ஒன்றுதான், ‘மாப்பிள்ளை’. ஸ்ரீவித்யா செய்த திமிர் பிடித்த மாமியார் வேடத்தைப் பின்னதில் மனிஷா கொய்ராலா செய்தார். மற்ற மூன்றிலும் பெயர் மட்டும்தான் பழையது.

படம் பார்க்கத் தொடங்கியிருக்கும் பலருக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தால் ரீமேக் என்று நினைத்துவிடுகிறார்கள், வேறாக இருந்தால் புதுக்கதை என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுமே தப்பாகப் போக வாய்ப்பு உண்டு. ஏனென்றால் பெயரும் கதையும் தனித்தனியாகப் பயணம் செய்பவை. ஒரு பெயர் தன் கதையை விட்டுவிட்டு இன்னொரு கதையோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கதை தன் பெயரை விட்டுவிட்டு இன்னொரு மொழிக்குப் போய் வேறு பெயர் வைத்துக்கொள்ளும்.

‘பொல்லாதவன்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1980 படத்தின் கதை கன்னடத்தில் ராஜ்குமார் நடித்த ‘பிரேமத காணிக்கெ’ என்ற படத்திலிருந்து வந்தது. கதை கர்நாடகத்திலிருந்து வந்தது, பெயர் இங்கே வைத்தது. 27 வருடம் கழித்து வெற்றிமாறன் தன் முதல் படத்துக்கு அதே பெயரை எடுத்தார். ஆசையாக வாங்கிய பைக் திருட்டுப் போக, அதைத் தேடிப்போகும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் ரவுடிகளின் உலகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் கதை. பழைய படத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வழியில் போனது ‘பில்லா’. சலீம்–ஜாவேத் எழுதி, அமிதாப் பச்சன் நடித்த இந்தி ‘டான்’ 1978இல் வந்தது. அதே கதை தெலுங்கில் ‘யுகந்தர்’ ஆனது, 1980இல் தமிழில் ‘பில்லா’ ஆனது, பிறகு மலையாளத்தில் ‘சோபராஜ்’ ஆனது. ஒரே கதைக்கு மொழிக்கொரு பெயர். 2007இல் அஜித் நடித்தபோது கதை, பெயர் இரண்டுமே 1980 படத்திலிருந்து வந்தன. எனவே அது முழு ரீமேக். அப்புறம் 2022இல் சிவகார்த்திகேயன் ‘டான்’ என்ற படத்தில் நடித்தார். பெயரைப் பார்த்துவிட்டு அமிதாப் படத்தின் கதை என்று யாராவது போய் உட்கார்ந்திருந்தால், திரையில் அவர்கள் பார்த்தது ஒரு பொறியியல் கல்லூரி மாணவனையும் அவனைக் கண்டிக்கும் பேராசிரியரையும். ‘டான்’ கதையைத் தமிழில் பார்க்க வேண்டுமானால் ‘பில்லா’ பார்க்க வேண்டும், ‘டான்’ பார்க்கக் கூடாது!

தலைப்பு கதையாகவே இருந்த காலம்

தமிழில் பேசும்படம் வந்த ஆரம்ப வருடங்களில் இந்தக் குழப்பமே கிடையாது. அன்றைய படங்களில் பெரும்பாலானவை நாடக மேடையிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனவை. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘நல்லதங்காள்’, ‘அரிச்சந்திரா’ என்றாலே என்ன கதை என்று டிக்கெட் வாங்குகிறவருக்குத் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஊர் ஊராகப் பார்த்துப் பழகிய ஜனம் அது. யார் நடிக்கிறார், யார் பாடுகிறார் என்பதுதான் கேள்வி. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’ 1934இல் வந்தது. டி.ஆர். மகாலிங்கம் நடித்த இன்னொரு ‘பவளக்கொடி’ 1949இல் வந்தது. பெயரைத் திருடிவிட்டார்கள் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. புராணக் கதைக்கு யார் சொந்தக்காரர்?

‘ஸ்ரீவள்ளி’ இன்னும் சுவாரசியம். 1945 படத்தில் முருகனாக நடித்தவர் டி.ஆர். மகாலிங்கம். 1961இல் சிவாஜியும் பத்மினியும் நடித்த ‘ஸ்ரீவள்ளி’யில் அதே மகாலிங்கம் நாரதராக வந்தார். கதையும் பெயரும் ஆளும்கூட அப்படியே இருக்க, வேடம் மட்டும் மாறியது.

சமூகப் படங்களும் சொந்தமாகக் கட்டிய கதைகளும் பெருகிய பிறகுதான் ‘இது என் தலைப்பு’ என்ற பேச்சு வலுத்தது. ‘உத்தமபுத்திரன்’ இதற்கு நல்ல உதாரணம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்து எடுத்தது முதல் படம். பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமா சொன்ன இரும்பு முகமூடிக் கைதியின் கதைதான் அதற்கு மூலம். 1958இல் வீனஸ் பிக்சர்ஸ், ஸ்ரீதரின் வசனத்தில், சிவாஜியை வைத்து மறுபடி எடுத்தது. அதே சமயம் எம்.ஜி.ஆரும் அந்தத் தலைப்பில் இரட்டை வேடப் படம் எடுக்க நினைத்திருந்ததாகவும், பிறகு விட்டுக்கொடுத்ததாகவும் சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே 1958இல் அவர் தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம் ‘நாடோடி மன்னன்’ என்ற பெயரில் வந்தது. தலைப்பு கைவிட்டுப் போனது அவருக்கு நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது ‘உத்தமபுத்திரன்’ 2010இல் வந்தது, தனுஷ்தான் கதாநாயகன். அதில் இரும்பு முகமூடியும் இல்லை, இரட்டையரும் இல்லை. தெலுங்கு ‘ரெடி’ படத்தின் ரீமேக் அது.

பழைய பெயரை ஏன் எடுக்கிறார்கள்?

முதல் காரணம் வெளிப்படை. விளம்பரச் செலவு இல்லாமலே மக்கள் வாயில் இருக்கும் பெயர் அது. புதுப் பெயரை ஊருக்குள் பரப்ப மாதக் கணக்கில் போஸ்டர் ஒட்ட வேண்டும். ‘வேலைக்காரன்’ என்றோ ‘மாவீரன்’ என்றோ சொன்னால் ஏற்கெனவே ஒரு தலைமுறைக்குத் தெரியும். பெரிய நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த தலைப்பை இளைய நடிகர் எடுக்கும்போது, ‘நானும் அந்த வரிசையில் வருகிறேன்’ என்ற அறிவிப்பும் அதில் இருக்கிறது. சிவகார்த்திகேயன் எடுத்துக்கொண்ட பழைய பெயர்களைப் பாருங்கள்: ‘எதிர்நீச்சல்’, ‘காக்கிச் சட்டை’, ‘வேலைக்காரன்’, ‘மாவீரன்’, ‘அமரன்’, ‘பராசக்தி’. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது காரணம் வரி. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. ‘ஜில்லுனு ஒரு காதல்’ என்று இருந்த தலைப்பு ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது அந்த நேரத்தில்தான். ஆங்கிலப் பெயர்கள் மேல் இருந்த மோகம் சட்டென்று குறைய, நல்ல தமிழ்ப் பெயருக்குத் தேடல் தொடங்கியது. அச்சில் ஏற்றிப் பழகிய பழைய பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பழைய பெயர்கள் திரும்பி வந்ததற்கு வரி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது. பழைய பெயரை எடுத்து, அந்தப் பெயரோடேயே வாதாடுவது. பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964இல் வந்தது. சிவாஜி, என்.டி. ராமாராவ், போர்க்களம் என்று மகாபாரதத்தை மகாபாரதமாகவே சொன்ன படம். மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ 2021இல் வந்தது. பேருந்து நிற்காத ஒரு தென் மாவட்டக் கிராமம், அந்த மக்கள் மேல் நடக்கும் போலீஸ் வன்முறை. கதை அவ்வளவுதான் என்று பார்த்தால், ஊர்த் தலைவர் பெயர் துரியோதனன், காதலியின் பெயர் திரௌபதி, எதிரே நிற்கும் போலீஸ் அதிகாரி கண்ணபிரான். உங்களுக்கெல்லாம் இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் அந்த அதிகாரியின் ஆத்திரமே. இதிகாசத்தில் கண்ணன் எந்தப் பக்கம் இருந்தான், கர்ணனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குப் படம் இன்னொரு தளத்தில் விரியும். இங்கே தலைப்பு விளம்பரத்துக்கு எடுத்த பழைய பெயராக இல்லை. அதை மாற்றினால் படத்தின் பாதி அர்த்தம் போய்விடும்.

‘விக்ரம்’ இன்னொரு தினுசு. 1986 படம் சுஜாதா எழுதியது. ஏவுகணையைத் தேடிப் போகும் உளவாளியாகக் கமல்ஹாசன் வந்தார். 2022இல் லோகேஷ் கனகராஜ் எடுத்த படத்தில் அதே பெயருள்ள வயதான உளவாளியாக மறுபடி கமல். ரீமேக் என்று சொல்ல முடியாது, இரண்டாம் பாகம் என்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பழைய படத்தைப் பார்க்காமலே புதியது புரியும், பார்த்திருந்தால் சில இடங்களில் விசில் அடிக்கத் தோன்றும்.

சின்னத்திரைக்கு வந்தால்

சீரியல்களில் இந்தப் பழக்கம் இன்னும் தாராளம். ‘ரோஜா’, ‘மௌன ராகம்’, ‘செம்பருத்தி’, ‘சின்னத்தம்பி’, ‘பூவே பூச்சூடவா’, ‘யாரடி நீ மோகினி’, ‘கிழக்கு வாசல்’, ‘ஈரமான ரோஜாவே’ எல்லாம் முதலில் படங்கள், பிறகு சீரியல்கள். தினமும் வீட்டுக்குள் வரும் தொடருக்கு, வீட்டில் எல்லோருக்கும் வாயில் வரும் பெயர் வேண்டும் என்பதால் இருக்கலாம்.

கதைகள் மட்டும் வேறு எங்கிருந்தோ வருகின்றன. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) விருப்பமில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் கதை. 2017இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘மௌன ராகம்’, பாட்டுத் திறமையுள்ள ஒரு சிறுமி தன் அப்பாவைத் தேடும் கதை. அதன் மூலம் ‘பொடோல் குமார் கானவாலா’ என்ற வங்காள சீரியல். பெயர் சென்னையிலிருந்து, கதை கொல்கத்தாவிலிருந்து! ‘செம்பருத்தி’யும் அப்படித்தான். 1992 படத்தில்தான் நடிகை ரோஜா தமிழில் அறிமுகமானார். ஜீ தமிழில் அதே பெயரில் ஓடிய சீரியல், தெலுங்கு ‘முத்த மந்தாரம்’ தொடரின் தமிழ் வடிவம்.

சில நேரம் பெயர் மாறும்போது கதையின் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். 1974 ‘வாணி ராணி’ இந்தி ‘சீதா அவுர் கீதா’வின் தமிழாக்கம், இரட்டைச் சகோதரிகளாக வாணிஸ்ரீ. ராதிகாவின் ‘வாணி ராணி’ சன் டிவியில் 2013இல் தொடங்கி 2018 வரை ஓடியது. கதை வேறு, ஆனால் அங்கேயும் ஒரே நடிகை இரண்டு சகோதரிகளாக வந்தார். பெயரே இரட்டை வேடத்தைக் கேட்டு வாங்கிவிட்டது போலிருக்கிறது.

பாட்டு வரி தலைப்பாகும்போது வேடிக்கை கூடும். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தில் இளையராஜா இசையில் ‘நீதானே எந்தன் பொன்வசந்தம்’ என்று ஒரு பாட்டு. கௌதம் மேனன் 2012இல் எடுத்த படத்தின் பெயர் ‘நீதானே என் பொன்வசந்தம்’, ஒரு சொல்லில் சின்ன மாற்றம். 2020இல் வந்த சீரியலின் பெயரோ ‘நீதானே எந்தன் பொன்வசந்தம்’. பாட்டை அப்படியே வைத்துக்கொண்டது படம் இல்லை, சீரியல்தான்.

ஒரே பெயர், மூன்று முகம் என்று கேட்டால் நான் ‘எதிர்நீச்சல்’ என்றுதான் சொல்வேன். பாலசந்தரின் 1968 படத்தில் மாதுவாக நாகேஷ். பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே தங்கி, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டே படிக்கும் அநாதைப் பையன். 2013 படத்தில் சிவகார்த்திகேயன், தன் பெயரான குஞ்சிதபாதத்தை ஊரே கேலி செய்ததால் ஹரிஷ் என்று மாற்றிக்கொண்டு, மாரத்தான் ஓடக் கிளம்பும் இளைஞன். 2022இல் சன் டிவியில் தொடங்கிய திருச்செல்வத்தின் சீரியலில் ஆதி குணசேகரன் என்ற ஆணாதிக்கக்காரரின் வீட்டில் மாட்டிக்கொண்ட மருமகள்கள். மாரிமுத்து அந்த வேடத்தில் பேசிய தோரணை வீதிக்கு வீதி பிரபலம். மூன்று கதைகளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வெள்ளத்துக்கு எதிராக நீந்துகிறவர் என்ற தலைப்பின் பொருள் மூன்றிலும் பொருந்துகிறது. நல்ல தலைப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கதைக்குக் காப்புரிமை உண்டு, வசனத்துக்கு உண்டு, பாட்டுக்கு உண்டு. வெறும் தலைப்புக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2015இல் இதைத் தெளிவாகச் சொன்னது. ‘தேசி பாய்ஸ்’ என்ற பெயரில் ஒருவர் கதைச் சுருக்கம் எழுதிப் பதிவு செய்திருந்தார். 2011இல் அதே உச்சரிப்பில் ஓர் இந்திப் படம் வந்தது. அவர் வழக்குப் போட்டார். தலைப்பு மட்டும் தனியாக ஒரு படைப்பு ஆகாது, அதற்குக் காப்புரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை ஒருவர் சொந்தம் கொண்டாட ஆரம்பித்தால் மற்றவர்கள் எங்கே போவது?

அப்படியானால் யாரும் எதையும் எடுத்துக்கொள்ளலாமா? முழுக்க அப்படியும் இல்லை. வணிகச் சின்னம் என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. ஒரு பெயரைக் கேட்டதும் குறிப்பிட்ட அந்தப் படம் மட்டுமே நினைவுக்கு வரும் அளவுக்கு அது ஊன்றிவிட்டால், அந்தப் பெயரை வைத்து மக்களைக் குழப்புவதைத் தடுக்கலாம். ‘ஷோலே’ பெயரை ஓர் இணையதள நிறுவனம் பயன்படுத்திய வழக்கில் 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் படத்தின் உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 25 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னது.

சட்டத்துக்கு முன்னால் நிற்பது சங்கப் பதிவு. தயாரிப்பாளர் தான் உறுப்பினராக இருக்கும் தயாரிப்பாளர் சங்கத்திலோ வர்த்தக சபையிலோ தலைப்பைப் பதிவு செய்துவைப்பார். ஒருவர் பதிந்துவைத்த பெயரை இன்னொருவர் கேட்டால் சங்கத்தார் கூப்பிட்டுப் பேசுவார்கள். இது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு, சட்டம் தந்த சொத்துரிமை இல்லை. அமெரிக்காவிலும் இதே மாதிரிதான். வார்னர் பிரதர்ஸிடம் ‘தி பட்லர்’ என்ற 1916ஆம் வருடத்துக் குறும்படம் ஒன்று இருந்ததால், 2013இல் அதே பெயரில் வரவிருந்த படம் இயக்குநர் லீ டேனியல்ஸின் பெயரைத் தலைப்பில் சேர்த்துக்கொண்டு வெளிவந்தது.

நம் ஊர்த் தகராறுகளும் பெரும்பாலும் இப்படிச் சமரசத்தில்தான் முடிகின்றன. 2012இல் ‘கள்ளத்துப்பாக்கி’ படக்குழு, விஜய்யின் ‘துப்பாக்கி’ தலைப்பை எதிர்த்து நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடைகூட வந்தது. பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள், படம் தீபாவளிக்கு வந்துவிட்டது. ‘சரஸ்வதி சபதம்’ என்று வைக்க நினைத்த படம் எதிர்ப்பு கிளம்பியதும் 2013இல் ‘நவீன சரஸ்வதி சபதம்’ ஆகி வெளிவந்தது. முன்னால் ஒரு சொல் ஒட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

‘பராசக்தி’ விஷயத்தில் சண்டை தமிழில்கூட இல்லை. 2025 தொடக்கத்தில் சிவகார்த்திகேயனின் 25ஆவது படத்துக்கு அந்தப் பெயர் அறிவிக்கப்பட்டது. அதே நேரத்தில் விஜய் ஆண்டனி தன் ‘சக்தித் திருமகன்’ படத்தின் தெலுங்குப் பதிப்புக்கு ‘பராசக்தி’ என்று பெயர் வைத்திருந்தார். பேசி முடித்து, தெலுங்கில் அது ‘பத்ரகாளி’ ஆனது. ஒரே தலைப்பு ஒரு மொழியில் உங்களுடையதாகவும் இன்னொரு மொழியில் வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எல்லாப் படமும் நாலைந்து மொழிகளில் வரும் இந்தக் காலத்தில் இந்தத் தலைவலி கூடத்தான் போகிறது. 1952 ‘பராசக்தி’ சிவாஜியின் முதல் படம், கலைஞரின் வசனம். அந்தப் பெயரைத் தொடுவதற்கே சிலருக்குச் சங்கடம் இருந்தது. எனக்கு அவ்வளவு சங்கடம் இல்லை, ஆனால் நாளைக்கு ஒரு மாணவர் இணையத்தில் ‘பராசக்தி வசனம்’ என்று தேடினால் எது முதலில் வரும் என்ற கவலை உண்டு.

எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பேச்சில் நாம் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறோம். ‘சிவாஜி கர்ணன்’, ‘தனுஷ் கர்ணன்’, ‘பழைய பில்லா’, ‘அஜித் பில்லா’. எழுதும்போது வருடத்தைச் சேர்த்தால் போதும். ரீமேக்கா இல்லையா என்று தெரிய, டைட்டில் கார்டில் ‘கதை’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய படத்தின் கதாசிரியர் பெயரோ மூலப்படத்துக்கு நன்றியோ இருந்தால் கதையும் அங்கிருந்து வந்திருக்கிறது. புது இயக்குநரின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தலைப்பு மட்டும்தான் கடன். வெளிநாட்டுப் படங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், ஒரே படம் ஊருக்கு ஊர் பெயர் மாறும். பிரிட்டனில் 1960களில் ஓடிய ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற துப்பறியும் தொடர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டதால், மார்வெலின் 2012 படத்தைப் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ‘மார்வெல் அவெஞ்சர்ஸ் அசெம்பிள்’ என்று வெளியிட்டார்கள்.

சீரியலுக்கு நடிகர் பெயரைச் சேர்த்துத் தேடுவது அவ்வளவாக உதவாது. பாதியில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று கீழே ஒரு வரி ஓடும், கதாநாயகியே மாறியிருப்பார். அதனால் சேனல் பெயரையும் தொடங்கிய வருடத்தையும் சேருங்கள். ‘சித்தி’ என்று மட்டும் தட்டினால் 1966இல் பத்மினியும் எம்.ஆர். ராதாவும் நடித்த படம் வரலாம், 1999இல் தொடங்கிய ராதிகா சீரியல் வரலாம், 2020இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் வரலாம். ‘சித்தி, சன் டிவி, 1999’ என்று தட்டினால் நேராக அங்கே போய்விடலாம்.